கண்ணீர்ச் சுரப்பிக் கட்டியும் கழாகத்ர் பற்றிய கேள்வியும்

கண்ணீர்ச் சுரப்பி, புருவத்தின் வெளிமுனைக்குக் கீழே நெற்றி எலும்பிலுள்ள சிறு குழியில், வாதுமைப் பருப்பின் வடிவில் பதிந்திருக்கிறது. அங்கே கட்டி வளர்ந்தால் மேல் இமை தடிக்கும்; கண்விழி கீழ்நோக்கி மூக்குப் பக்கமாகத் தள்ளப்படும்; சிலருக்குப் பார்ப்பதெல்லாம் இரண்டாகத் தெரியும். இச்சுரப்பியில் வரும் வீக்கங்களில் பல, அழற்சியாலோ நிணநீர்த் திசுவின் பெருக்கத்தாலோ உண்டாகின்றன. சுரப்பியின் சொந்தக் கலங்களிலிருந்து எழும் கட்டிகளில் இரண்டு முக்கியமானவை. கலப்புக் கட்டி தீங்கற்றது. வலியின்றி, பெரும்பாலும் ஓராண்டுக்கு மேலாக மெல்ல வளரும். அடினாய்டு சிஸ்டிக் புற்றுநோய் சில மாதங்களிலேயே பெருத்து, நரம்புகளைப் பற்றிப் பரவுவதால் வலிக்கும்.

இந்தப் புற்றுநோய் கண்ட பலரின் கட்டியில் இரண்டு மரபணுக்கள் உடைந்து ஒன்றோடொன்று ஒட்டியிருப்பதை ஆய்வாளர் கண்டுள்ளனர். கலப்புக் கட்டியிலும் வேறொரு மரபணு இடம்மாறியிருப்பது உண்டு. அந்த உடைவு ஏன் ஒருவருக்கு நேர்ந்து இன்னொருவருக்கு நேரவில்லை என்பதற்கு விடை இல்லை. வெயில், உப்புக்காற்று, உணவு, பரம்பரை என்று எதுவும் காரணமாக நிறுவப்படவில்லை.

மருத்துவம் நிற்கும் இந்த இடத்தில்தான் சமயக் கேள்வி எழுகிறது. மன்னாரின் தெற்கேயுள்ள முசலியில் சிலாவத்துறை, கொண்டச்சி, மறிச்சுக்கட்டி போன்ற முஸ்லிம் ஊர்களும், அரிப்பு போன்ற கத்தோலிக்க ஊர்களும் உள்ளன. வடக்கே மாந்தையில் சைவர்களின் திருக்கேதீச்சரக் கோயில் இருக்கிறது. இம்மூன்று மரபுகளிலும் நோய்க்குக் கண்ணூறு, பாவம், வினை என்று காரணம் கூறும் வழக்கம் உண்டு. அழுதழுது கண்ணைக் கெடுத்துக்கொண்டதாகவும் சொல்வர். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டு, புத்தளத்தில் பல்லாண்டுகள் கழித்த முஸ்லிம் மக்களை இப்பேச்சு ஆழமாகப் புண்படுத்தும். அழுகையால் இக்கட்டி வருவதில்லை. யூசுபைப் பிரிந்த துயரில் யாகூப் நபியின் கண்கள் வெளுத்ததாகக் குர்ஆன் கூறுகிறது. அந்தத் துயரைப் பாவமாக அது எண்ணவில்லை. தம் மகன் இப்ராஹீம் இறந்தபோது நபிகள் நாயகமும் கண்ணீர் விட்டார்.

நன்மை தீமை யாவும் அல்லாஹ்வின் ஏற்பாடு என்ற கழாகத்ரை நம்புவது ஈமானின், அதாவது இறைநம்பிக்கையின், ஒரு கடமை. அப்படியானால் மருந்து எதற்கு? சிரியாவில் கொள்ளைநோய் பரவியபோது கலீபா உமர் அந்நாட்டுக்குள் நுழையாமல் திரும்பினார். இறைவிதியிலிருந்து ஓடுகிறீரா என்று படைத்தளபதி அபூஉபைதா கேட்டார். ஒரு விதியிலிருந்து மற்றொரு விதிக்கே செல்வதாக உமர் விளக்கினார்: பள்ளத்தாக்கின் ஒரு பக்கம் பசுமை, மறுபக்கம் வறட்சி என்றால், ஒட்டகத்தை எங்கே மேய்த்தாலும் அது இறைவன் விதித்ததுதான். நோயைப் போலவே வைத்தியமும் கழாகத்ருக்கு உட்பட்டது.

காரணத்தின் இயல்பு பற்றி இஸ்லாமியச் சிந்தனையாளரிடையே பெரும் வாதம் நடந்தது. நெருப்பு பஞ்சை எரிப்பது நெருப்பின் சொந்த ஆற்றலால் அன்று, இறைவன் அமைத்த வழமையால் என்றார் 1111இல் மறைந்த இமாம் கஸ்ஸாலி. காரணங்களை மறுத்தால் அறிவே இல்லாமற்போகும் என்று மறுத்துரைத்தார் மெய்யியலாளர் இப்னு ருஷ்து. ஆயினும் இருவரும் வைத்தியத்தைக் கைவிடச் சொல்லவில்லை. இப்னு ருஷ்து தாமே வைத்தியர். கஸ்ஸாலி மருத்துவக் கல்வியை பர்ளு கிபாயா, அதாவது ஊருக்குப் பொதுவான கடமை, எனக் கொண்டார். ஓர் ஊரில் எவருமே அதைக் கற்காவிட்டால் ஊரார் அனைவருமே குற்றவாளிகள்.

நோய் பாவத்தின் விளைவா என்ற கேள்விக்குக் கிறிஸ்தவ மரபிலும் ஒரு விடை உண்டு. பிறவிக் குருடன் ஒருவனைக் காட்டி, யார் செய்த பாவம் இது என்று சீடர்கள் கேட்டபோது, அவனும் பாவம் செய்யவில்லை, பெற்றோரும் செய்யவில்லை என இயேசு மறுத்ததை யோவான் நற்செய்தி கூறுகிறது. கடவுளின் செயல்கள் அவனிடம் வெளிப்படவே இப்படி ஆயிற்று என்று சொல்லி, அவனுக்குப் பார்வை அளிக்கிறார். சைவ மரபில் விடை வேறு. திருக்கேதீச்சரத்தைப் பாடிய நாயனார் சுந்தரர், தம் மனைவி சங்கிலியாருக்குக் கொடுத்த வாக்கை மீறியதால் கண்பார்வை இழந்தார். இங்கே பிழையும் நோயும் தொடர்புற்றிருப்பது உண்மை. ஆனால் அப்பிழையை உணர்ந்து இறைவனிடம் முறையிட்டவர் சுந்தரரே. தன் வினையைத் தான் எண்ணிப் பார்ப்பது பக்தி. அயலானின் நோயைப் பார்த்து அவன் வினையை அளப்பதற்கு அந்த வரலாறு இடம் தரவில்லை.

ஆகவே காரணம் அறியப்படாத நோயில், நோயாளியைக் குற்றவாளியாக்க மருத்துவத்திலும் ஆதாரமில்லை, சமயத்திலும் அனுமதியில்லை. எஞ்சுவது கடமை. கலப்புக் கட்டியை உறையோடு முழுதாக அகற்ற வேண்டும்; உறை கிழிந்து மிச்சம் தங்கினால் மீண்டும் வளரும், சிலவேளை புற்றாகவும் மாறும். வலியில்லை என்று தள்ளிப்போடுவதும், ஓதிப் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்வதும் காலத்தை வீணாக்கும். ஓதுவதும் கொழும்பிலுள்ள தேசிய கண் வைத்தியசாலைக்குப் போவதும் ஒன்றையொன்று தடுப்பவை அல்ல. முசலியிலிருந்து கொழும்புக்கும், புற்றுநோய் என்றால் மகரகமைப் புற்றுநோய் வைத்தியசாலைக்கும் தனியே போய்வர ஏழைக் குடும்பத்தால் இயலாது. வாகனம் ஒழுங்கு செய்வது, கூடப் போய்த் தங்குவது, வீட்டிலுள்ள பிள்ளைகளுக்குச் சோறு கொடுப்பது ஆகிய யாவும் அந்த ஊர்க் கடமையில் அடங்கும்.