அழகும் கொலைக்கருவியும்

ஒரு பொருளின் வடிவம் வேறு. அதன் பயன் வேறு. வடிவம் கண்ணைக் கவர, பயன் உயிரைக் கவருமாயின், அப்பொருளைக் கண்டு நாம் மகிழலாமா? இவ்வினாவை ஆராய இத்தாலி நாட்டு வேட்டைத் துப்பாக்கிகளைச் சான்றாகக் கொள்வோம்.

இத்தாலியின் வடபகுதியில், பிரெசியா மாவட்டத்தில், மெல்லா ஆற்றுப் பள்ளத்தாக்கில் கார்டோனே என்னும் சிற்றூர் உள்ளது. மலையில் இரும்புத்தாதும், காட்டில் கரிக்கு வேண்டிய மரமும், சம்மட்டியை இயக்க ஆற்றுநீரும் ஒருங்கே வாய்த்தமையால் அவ்வூரார் பல நூற்றாண்டுகளாகத் துப்பாக்கித் தொழிலில் சிறந்துள்ளனர். 1526 ஆம் ஆண்டில் பார்த்தொலொமியோ பெரெட்டா என்பவர் வெனிசு நகர ஆயுதச்சாலைக்கு 185 குழல்கள் அளித்து, 296 டக்கட் பொற்காசுகள் பெற்றார். அவர் வழியினர் இன்றும் அத்தொழிலை நடத்தி வருகின்றனர்.

அங்குச் செய்யப்பெறும் உயர்தரத் துப்பாக்கிகளின் எஃகுத் தகடுகளில் 'புலினோ' என்னும் முறையில் சித்திரம் செதுக்குவர். கூரிய சிற்றுளியைக் கையால் தள்ளியே, உருப்பெருக்கிக் கண்ணாடியின் துணையோடு, எண்ணற்ற நுண்புள்ளிகளையும் மயிரிழைக் கீறல்களையும் இடுவர். புள்ளி செறிந்த இடம் நிழலாகும். விட்ட இடம் ஒளியாகும். ஒரு துப்பாக்கிக்கே பல மாதங்கள் ஆவதுண்டு. விலையும் சில வேளைகளில் நம் நாட்டுக் கணக்கில் கோடி ரூபாயைக் கடக்கும். கௌதாரியும் உள்ளானும் காட்டு வாத்தும் இறகிறகாக அத்தகட்டில் உருப்பெறுகின்றன. எப்பறவையை வீழ்த்த அக்கருவி அமைந்ததோ, அப்பறவையே அதன் மேனியில் பறக்கிறது!

சிலர் கூறலாம்: "செதுக்குபவர் எவ்வுயிரையும் கொல்லவில்லை, அது அவர் பிழைப்பு. மேலும், இத்தகைய துப்பாக்கிகள் பல ஒருமுறையும் சுடப்படாமல் கண்ணாடிப் பேழையிலேயே இருக்கின்றன. இதில் இம்சை எங்கே?"

முதலில், பிழைப்பு என்னும் வாதம். உழவிலும் வாணிகத்திலும் தவிர்க்கவியலாது நேரும் தீங்கை உத்தியோக இம்சை என்று பிரித்து, இல்லறத்தார்க்கு நம் முன்னோர் ஓரளவு இடம் தந்தனர். வேட்டையோ ஏழு வியசனங்களுள் ஒன்று. எண்ணித் துணியும் கொலை. கொலைக்கருவி ஈதலையும் ஆசாரியர் சமந்தபத்திரர் 'இம்சாதானம்' எனப் பெயரிட்டு, அனர்த்த தண்டம் ஐந்தனுள் வைத்தார்.

அடுத்து, கொல்லாதவர்க்குப் பங்கு உண்டா என்பது. எண்ணுதல், கருவி கூட்டுதல், தொடங்குதல் என மூன்று, மனம், மொழி, மெய் என மூன்று, செய்தல், செய்வித்தல், உடன்படுதல் என மூன்று, கஷாயம் நான்கு. இவற்றைப் பெருக்க வரும் 108 வழிகளைத் தத்துவார்த்த சூத்திரம் காட்டுகிறது. கருவி கூட்டுதலும் உடன்படுதலும் இக்கணக்கில் அடங்கியிருத்தலை நோக்குக.

சுடப்படாத துப்பாக்கிக்கு யசோதரன் வரலாறு விடை பகரும். அவன் பலியிட்டது மாவினால் செய்த கோழியே. ஆயினும் கொலை எண்ணம் கலந்தமையால் அவனும் தாய் சந்திரமதியும் விலங்குப் பிறவிகளில் உழன்றனர். எனினும், பேழையில் வைத்துக் கலையை மட்டுமே காண்பவனை வேட்டையாடுபவனோடு ஒப்ப வைத்தல் நீதியன்று. அவன் எண்ணம் வேறு. அவனுக்குரிய குற்றம் பெரும்பாலும் பற்று மிகுதியே.

அவ்வூர்த் தொழிலாளரைப் பழிப்பது நம் நோக்கமன்று. ஒரு கௌதாரியின் இறகமைப்பை மாதக்கணக்கில் உற்று நோக்கும் பொறுமை, தவத்தை ஒத்தது. அக்கண்ணும் கையும் போற்றத் தக்கன. ஆனால் அப்பறவைக்கும் தன்னுயிர் இனிது என்பதை அவ்வுளி செதுக்கவில்லை. ஆகவே கைத்திறனைப் போற்றும்போதே அது சென்று சேரும் இடத்தை மறுத்துரைத்தல் நம் கடன். வாய்மூடிப் பாராட்டினால், அது உடன்படுதலாய் முடியும்.

இது தொலைநாட்டுச் செய்திதானே என்று விடுதல் கூடாது. வர்த்தமான மகாவீரர் வீடுபேறு எய்திய நாளன்றோ நமக்குத் தீபாவளி? அன்று நம் குழந்தைகளின் கையில் பொட்டுத் துப்பாக்கியைத் தந்து, "எத்துணை அழகு!" என மகிழ்கிறோமே, அம்மகிழ்ச்சி 108 வழிகளுள் எதில் அடங்கும் என்று ஒவ்வோர் இல்லத்திலும் பெற்றோர் எண்ணிப் பார்ப்பாராக.

அறம் வளர்க!