குப்பாயமும் ஒரு காரணம்தான்

தேவசகாயம் பிள்ளையின் கதை குமரி மாவட்டத்தில் எல்லாருக்கும் தெரியும். திருவிதாங்கூர் அரசுப் பணியில் இருந்த நீலகண்ட பிள்ளைக்கு, 1741 குளச்சல் போரில் பிடிபட்ட டச்சுக்காரர் டிலனாயுடன் பழக்கம் ஏற்பட்டது. துன்பத்தின்மேல் துன்பம் வந்த நாட்களில் டிலனாய் அவருக்கு யோபுவின் கதையைச் சொன்னார். பிள்ளை கேட்டார், யோசித்தார், 1745இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றார். 1752இல் ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022இல் வத்திக்கான் அவரைப் புனிதராக அறிவித்தது. மனைவி பார்கவி அம்மாளும் திருமுழுக்குப் பெற்று ஞானப்பூ ஆனார். ஊர் சொல்லும் கதையில் அவருக்குக் கிடைத்தது அந்த ஒரு வரி.

மத நம்பிக்கை வளர்ப்பில் வருவதா, சொந்தமாக யோசித்து வருவதா என்று என் வகுப்பில் பிள்ளைகள் விவாதிக்கும்போதெல்லாம் ஞானப்பூவின் அந்த ஒரு வரி எனக்கு நினைவுக்கு வரும்.

வளர்ப்புதான் என்று எங்கள் மாவட்டத்தில் எளிதாகச் சொல்லிவிடலாம். 2011 கணக்கெடுப்பில் இந்துக்களும் கிறிஸ்தவர்களும் இங்கே ஏறக்குறையச் சரிபாதி. இரண்டு தெரு தள்ளிப் பிறந்திருந்தால் வேறு சாமியைக் கும்பிட்டிருப்போம். ஒரே குடும்பத்தில் ஒரு கிளை சி.எஸ்.ஐ. சபைக்குப் போகும்; ஒரு கிளை முத்தாரம்மன் கொடைக்கு வரி கொடுக்கும்; இன்னொரு கிளையின் ஆண்கள் சாமிதோப்பில் தலைப்பாகை கட்டிக்கொண்டு அய்யா வைகுண்டர் முன் நிற்பார்கள். ஆனால் ஒரே வேரிலிருந்து வந்த இந்தக் கிளைகள் எங்கோ பிரிந்தன அல்லவா? பிரிந்த இடத்தில் யாரோ ஒருவர் யோசித்திருக்க வேண்டும்.

அந்த இடத்துக்குப் போனால் அங்கே ஒரு துணி கிடக்கிறது. நாடார் பெண்கள் மார்பை மூடுவது குற்றமாக இருந்த திருவிதாங்கூரில், 1829இல் வந்த அரசாணை கிறிஸ்தவப் பெண்களுக்குக் குப்பாயத்தை மட்டும் அனுமதித்தது. உயர்சாதிப் பெண்களைப்போல் மேல்சீலை போடக் கூடாது. 1859 ஜூலையில்தான், பல வருட அடிதடிக்கும் தீவைப்புக்கும் பிறகு, இந்து நாடார் பெண்களுக்கும் குப்பாயம் அனுமதிக்கப்பட்டது. அப்போதும் உயர்சாதிப் பெண்களைப்போல் உடுத்தக் கூடாது என்ற நிபந்தனை போகவில்லை. ஆக, இடைப்பட்ட 30 ஆண்டுகள் ஒரு பெண்ணின் மேலாடை அவள் எந்தச் சபையில் இருக்கிறாள் என்பதைப் பொறுத்திருந்தது.

“துணிக்காக மாறியவர்கள், சோத்துக்காக மாறியவர்கள்” என்ற ஏளனத்தை இன்றும் கேட்கிறேன். வேதத்தைக் கற்று, ஒப்பிட்டு, தர்க்கம் செய்து மாறினால் அது சிந்தனை. குப்பாயத்துக்காக மாறினால் ஆசை. இந்தப் பிரிவினையை நான் ஏற்கவில்லை. சந்தையில் ஒருத்தியின் சீலையைப் பிடித்து இழுக்கிறார்கள். தன் உடம்பைத் தான் மூடக்கூட விடாத ஒழுங்குக்குக் காவலாக நிற்கும் சாமி தனக்கும் சாமிதானா என்று அவள் கேட்டுக்கொண்டால், அது இறையியல் கேள்வி இல்லாமல் வேறென்ன? அதே காலத்தில், அதே சாதியில், அதே காயத்தோடு வைகுண்டர் இன்னொரு முடிவுக்கு வந்தார். சபைக்கும் போகவில்லை, பழைய கோயில் வாசலிலும் நிற்கவில்லை. கும்பிடுகிறவர் தன்னையே பார்க்கும்படி பதியில் கண்ணாடியை வைத்தார். வளர்ப்பு மட்டுமே நம்பிக்கையைத் தீர்மானித்திருந்தால் ஒரே வளர்ப்பிலிருந்து இரண்டு முடிவுகள் வந்திருக்காது. அந்த முடிவுகளில் பிறந்த பேரப்பிள்ளைகளுக்குத்தான் அது வெறும் வளர்ப்பு ஆயிற்று.

இந்த இரண்டிலும் சேராத வழி ஒன்று உண்டு. கல்யாணம். அப்பாவைப் பெற்ற பாட்டி, முத்தாரம்மன் கோயில் வீட்டுப் பெண். கல்யாணத்துக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை ஞானஸ்நானம் கொடுத்தார்கள், பெயரும் மாறியது. யாரும் அவரிடம் யோபுவின் கதையைச் சொல்லவில்லை. 60 வருடம் ஆராதனை தவறாமல் போனார். ஆனால் பிறந்த ஊரில் கொடை நடக்கும் நாட்களில் வீட்டில் மீன் வாங்க விடமாட்டார். பாட்டாவுக்கு அதில் எரிச்சல். நான் ஒருமுறை கேட்டதற்கு, “எனக்க அம்மைக்க வீட்டுச் சாமியாக்கும் அது. அதுக்கிட்ட நான் சொல்லியிட்டா வந்தேன்?” என்றார். விடைபெறாமல் வந்த உறவு முறிந்ததாகாது என்பது பாட்டியின் வாதம். இதில் எந்த ஓட்டையையும் நான் இதுவரை கண்டுபிடிக்கவில்லை.

பெண்ணுக்கு இப்படி ஒரு வாதம் இருக்கும் என்று சட்டம் நினைப்பதில்லை. தமிழ்நாட்டில் 2002இல் கொண்டுவந்த கட்டாய மதமாற்றத் தடைச் சட்டத்தில் தண்டனை மூன்றாண்டு வரை. மாற்றப்பட்டவர் சிறார், பெண், பட்டியல் சாதியினர் அல்லது பழங்குடியினர் என்றால் நான்காண்டு வரை. 40 வயதுப் பேராசிரியையையும் பத்து வயதுக் குழந்தையையும் ஒரே வரியில் உட்காரவைத்த சட்டம் அது. 2004இல் திரும்பப் பெற்றார்கள். நினைப்பைத் திரும்பப் பெறவில்லை. சேலத்தில் ஹோமியோபதி படித்த ஹாதியா இஸ்லாத்தைத் தேர்ந்தபோது அவருக்கு 24 வயது. தானே யோசித்து மாறியதாகச் சொன்ன பிறகும், 2017இல் கேரள உயர் நீதிமன்றம் அவர் திருமணத்தை ரத்து செய்து பெற்றோரிடம் ஒப்படைத்தது. 2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அதை மாற்றும்வரை, நாடே விவாதித்த கேள்வி “அவளை மாற்றியது யார்?” என்பதுதான். ஆண் மாறினால் ஏன் என்கிறோம். பெண் மாறினால் யார் என்கிறோம்.

மதமே வேண்டாம் என்பவர்களும் வளர்ப்புக்கு வெளியே நிற்கவில்லை. திருப்பத்தூர் வழக்கறிஞர் சினேகா 2019இல் சாதி, மதம் அற்றவர் என்று சான்றிதழ் வாங்கியபோது நாமெல்லாம் கொண்டாடினோம். பள்ளிப் படிவத்தில் அந்தக் கட்டங்களை முதலில் காலியாக விட்டவர்கள் அவருடைய பெற்றோர்கள். தங்கைகளுக்கு மும்தாஜ், ஜெனிபர் என்று பெயர் வைத்தவர்களும் அவர்கள்தான். அது வளர்ப்பு. சான்றிதழுக்காக வருடக்கணக்கில் அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கியது அவருடையது.

போன வருடம் என் முதுகலை மாணவி ஒருத்திக்குக் கல்யாணம் பேசினார்கள். மாப்பிள்ளை சி.எஸ்.ஐ. ஞானஸ்நானம் எடுக்க வேண்டும் என்றார்கள். எடுக்கிறேன், ஆனால் முதலில் வேதாகமத்தை முழுக்க வாசிக்க வேண்டும், ஆறு மாதம் வேண்டும் என்றாள் அவள். மாப்பிள்ளை வீட்டார் ஒத்துக்கொண்டார்கள். கோபம் அவளுடைய அப்பாவுக்குத்தான். மண்டபத்துக்கு முன்பணம் கொடுத்தாயிற்று. அவள் ஆதியாகமத்தில் தொடங்கி வரிசையாக வாசித்தாள். ஒருநாள் துறை வராந்தாவில், லேவியராகமம் பதினைந்தாம் அதிகாரத்தில் விரலை வைத்தபடி வந்து நின்றாள்.

“மேம், மாதவிலக்குத் தீட்டு இங்கயும் உண்டா?”