அந்தரங்கம் ஒருவருக்கே உரியதோ?

“எம்மிடத்தில் மறைத்தற்குரியது ஒன்றுமில்லை, முகநூலிலே எம்மைப் பற்றி எவர் எதனை அறிந்தால் நட்டம் யாது?” என்று கூறுவோர் உபாத்தியாயர்களுள்ளும் பலர் உளர். யாமும் சில காலம் அவ்வாறே கூறிவந்தோம். இக்கூற்று நியாயமோ என்பதை இங்கே ஆராயப் புகுகின்றோம்.

இங்ஙனம் கூறுபவர் தமது அந்தரங்கம் தமக்கு மாத்திரமே உரிய பொருள் என்று கொள்ளுகின்றனர். அது மெய்யாயின், தம் பொருளைத் தாம் வாரியிறைத்தல் அவரவர் இஷ்டம் என்று விட்டுவிடலாம். ஆனால், ஒருவர் தம் படலையையும் திறந்துவிட்டு, அயல் வளவுக்கும் தமக்கும் பொதுவான வேலியிலே பொட்டும் வைத்துவிடுவாராயின், தெருவிலே திரியும் மாடு அயலவருடைய பயிரையும் அன்றோ மேயும்?

2018ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்திலே வெளிப்பட்ட கேம்பிரிட்ஜ் அனலிற்றிக்கா விவகாரம் இதற்குத் தக்க சான்று. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்து ஆய்வாளராகிய அலெக்சாந்தர் கோகன் என்பவர், ஒருவருடைய மனவியல்பை அளந்து கூறும் வினாக்கொத்து ஒன்றை முகநூலோடு இணைந்த செயலியாக அமைத்தார். அதனை ஏற்று இசைவு கொடுத்தோர் ஏறக்குறைய 2 இலட்சத்து 70 ஆயிரம் பேர். அக்காலத்து முகநூலின் விதியோ, செயலியை ஏற்றவருடைய விபரங்களோடு அவருடைய நண்பர்களின் விபரங்களையும் எடுத்துக்கொள்ள இடங்கொடுத்தது. இவ்வாறு 8 கோடியே 70 இலட்சம் பேர் வரையிலானோருடைய விபரங்கள், தேர்தற் பிரசாரத் தொழில் நடத்திய அந்நிறுவனத்தின் கையிற் சென்றிருக்கலாம் என முகநூலாரே அவ்வாண்டு ஏப்பிரலிற் கணக்குக் கூறினர். இசைந்தவர் ஒருவருக்கு இசையாதவர் 300 பேருக்கு மேல்! ஐக்கிய அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணைக்குழு 2019 ஜூலையிலே முகநூல் நிறுவனத்துக்கு 500 கோடி டொலர் தண்டம் விதித்தது.

தண்டம் பெரிதே. எம்முடைய வினா அதுவன்று. வினாக்கொத்துக்கு விடையளித்தவர்கள் தீயவரல்லர். தாம் அழுத்திய ஓர் எழுத்து நூற்றுக்கணக்கான நண்பருக்காக இட்ட கையெழுத்தாயிற்று என்பதை அவருட் பலர் அறிந்திரார். “நண்பர்கள் தாமே தம் செய்தியை அவருக்குக் காட்டினர், காட்டியபின் அஃது அந்தரங்கமாதல் எங்ஙனம்?” என்று சிலர் தடை நிகழ்த்துவர். விறாந்தையிலே நண்பரிடம் சொல்லியது சந்தையிலே சொல்லியதாகுமோ? சொன்னவர் கேட்பவரின் முகத்தை நோக்கியன்றோ சொன்னார்! அறியாமை குற்றத்தைக் குறைக்கும். ஆயினும் இவ்வளவும் வெளிப்பட்ட பின்னர் நாம் அதனைக் காரணங் காட்டுதல் பொருந்தாது. இன்றும் பல செயலிகள் நமது கைத்தொலைபேசியிலுள்ள இலக்கங்களைக் கேட்கின்றன. நாம் ‘ஆம்’ என்று அழுத்துமிடத்து ஊர்ப் பரியாரியார் முதல் நமது மாணாக்கரின் தாய்மார் வரை எல்லாருடைய இலக்கங்களையும் அவரைக் கேளாமலே கொடுத்துவிடுகின்றோம்.

இனி எமது பிழையையுஞ் சொல்லுதல் வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன், வெளிநாட்டிலுள்ள அன்பர் ஒருவர் யாம் கற்பிக்கும் வித்தியாசாலையின் வறிய பிள்ளைகளுக்குச் சப்பாத்துக்கள் வாங்கிக் கொடுத்தார். யாம் பிள்ளைகளை வரிசையாக நிறுத்திப் படம் பிடித்து, பெயரையும் வகுப்பையும் எழுதி முகநூலிலே இட்டோம். விருப்பக்குறிகள் ஏறுவதை இரவு நெடுநேரம் பார்த்து மகிழ்ந்தோம் என்பதையும் மறைத்தல் ஆகாது. மறுவாரம் ஒரு பெண்பிள்ளை மூன்று நாள் வரவில்லை. நான்காம் நாள் தாயார் வந்தார். “ஐயா, எங்கள் குறை எங்கள் வீட்டுக்குள்ளே இருந்தது. இப்பொழுது கனடாவிலிருக்கும் இனசனமும் கேட்கிறார்கள்,” என்றார். அவர் கோபிக்கவில்லை, கோபித்திருந்தால் எமக்கு எளிதாயிருந்திருக்கும்.

யாம் பயின்ற மிஷன் கல்லூரியிலே, கட்டணம் செலுத்தாத பிள்ளைகளின் பெயரை மண்டபத்திலே வாசிப்பார்கள். எமது பெயரும் ஒருமுறை வாசிக்கப்பட்டது. அஃது கொடிய வழக்கமே. ஆயினும் மண்டபத்துக்குச் சுவர்கள் இருந்தன. அடுத்த தவணையிலே எல்லாரும் மறந்தும் போயினர். அந்த வெட்கத்தை அறிந்திருந்தும், சுவரில்லாத மண்டபத்திலே யாம் அப்பிள்ளையின் பெயரை வாசித்துவிட்டோம்.

“உபகாரிக்குக் கணக்குக் காட்ட வேண்டாமோ?” எனின், கடைப் பற்றுச்சீட்டும் சப்பாத்துக்களின் படமும் போதும். பெற்றோரின் சம்மதத்தை எழுதி வாங்கலாம் என்பாரும் உளர். வாங்குதல் நன்றே, இலங்கையின் 2022ஆம் ஆண்டு 9ஆம் இலக்கத் தனியாள் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் சிறுவரைப் பற்றிய தரவுகளை விசேட வகையிலே வைத்திருக்கின்றது. ஆனால் உதவி பெறும் தாய் உதவி கொடுப்பவரிடம் ‘மாட்டேன்’ என்று எழுதுவாரோ? அன்றியும், அவர் எழுதுவதும் மற்றொருவருக்காக இடும் கையெழுத்தேயன்றோ? பிள்ளை வளர்ந்தபின் அப்படத்தைக் காணுமே! இதற்கு முழு விடை எம்மிடத்தில் இல்லை. பிள்ளையையுங் கேட்டு, அது தயங்கினால் படத்தை விட்டுவிடுதலையே இப்பொழுது வழக்கமாகக் கொண்டுள்ளோம்.

அன்றே எமது பதிவை அழித்தோம். படத்தைத் தம் பக்கத்திலே எடுத்து இட்டிருந்தோர் பதினொருவர். தனித்தனியே எழுதி வேண்ட, ஒன்பதின்மர் அழித்தனர். மற்றை இருவரிடமிருந்து இன்றுவரை மறுமொழி இல்லை.