சர்வர் பதில் சொல்லாதபோது

2013 ஜூன் 11, காலை நேரம். நண்பன் வீட்டு மொட்டைமாடி ரூமில் டேட்டா கார்டைச் செருகிவைத்துக்கொண்டு, லாஸ் ஏஞ்சலஸில் நடந்த இ3 கண்காட்சியை விட்டுவிட்டு வரும் வீடியோவில் பார்த்துக்கொண்டிருந்தோம். சோனியின் ஜாக் ட்ரெட்டன் மேடையில் நின்று, பிளேஸ்டேஷன் 4-க்கு வாங்கும் டிஸ்க்கை நீங்கள் விற்கலாம், இரவல் கொடுக்கலாம், இன்டர்நெட் இல்லாமலே ஆடலாம் என்றார். அரங்கம் அதிர்ந்தது. இப்போது யோசித்தால் சிரிப்பு வருகிறது. அந்த மனிதர் புதிதாக ஒன்றுமே சொல்லவில்லை. அதுவரை வந்த கன்சோல்களில் நாம் செய்துகொண்டிருந்ததை இனியும் செய்யலாம் என்றார், அவ்வளவுதான். அதற்கே அத்தனை கைதட்டல்.

காரணம், நான்கு நாட்களுக்கு முன் மைக்ரோசாஃப்ட் வெளியிட்டிருந்த விதிகள். புதிய எக்ஸ்பாக்ஸ் ஒன், 24 மணி நேரத்துக்கு ஒருமுறை சர்வரோடு பேசியாக வேண்டும். வேறொருவர் கன்சோலில் உங்கள் கேமை ஆடினால் ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை. பேசாவிட்டால் டிவி பார்க்கலாம், ப்ளூ-ரேயில் படம் பார்க்கலாம், கேம் மட்டும் ஆட முடியாது. நண்பனுக்கு கேமைக் கொடுக்கலாம், ஆனால் அவர் உங்கள் நட்புப் பட்டியலில் 30 நாளாவது இருந்திருக்க வேண்டும், ஒரு கேமை ஒரே ஒருமுறைதான் கொடுக்க முடியும். நட்புக்கு ப்ரொபேஷன் பீரியட் வைத்த முதல் கம்பெனி இதுவாகத்தான் இருக்கும்.

எங்கள் இரண்டு பேரிடமும் கன்சோல் வாங்கக் காசு கிடையாது. இருந்தாலும் கட்சி கட்டிக்கொண்டோம். நண்பன் மைக்ரோசாஃப்ட் பக்கம். "டேய், டிஸ்க்கைப் போடாமலே ஹார்ட் டிஸ்க்ல இருந்து ஆடணும்னா வேற என்ன வழி? ஒருத்தன் இன்ஸ்டால் பண்ணிட்டு டிஸ்க்கை வித்துட்டா? வித்துட்டானா இல்லையான்னு எங்கயாவது கேட்டுத்தானே ஆகணும்?" என்றான். அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை. உண்மையில் அது நல்ல வாதம்தான். அந்த விதிகளுக்குள்ளே பத்து குடும்ப உறுப்பினர்கள்வரை ஒரே நூலகத்தைப் பகிர்ந்துகொள்ளும் வசதியும் இருந்தது. ஜூன் 19-ல் மைக்ரோசாஃப்ட் பின்வாங்கியபோது அதுவும் சேர்ந்து போனது. எதிர்த்தவர்கள் இதை அதிகம் பேசுவதில்லை.

எனக்குள் இன்றுவரை உறுத்துவது வேறொன்று. அந்த ஏப்ரலில், இந்தச் செய்தி வதந்தியாக உலவியபோது, மைக்ரோசாஃப்டில் இருந்த ஆடம் ஆர்த் ட்விட்டரில் கேலியாக ஓர் ஒப்பீடு வைத்தார். சில நேரம் கரண்ட் போகிறது, அதற்காக வாக்குவம் க்ளீனர் வாங்காமல் இருப்பீர்களா என்ற அர்த்தத்தில். ஒரு வாரத்துக்குள் அவர் கம்பெனியில் இல்லை. அவருக்குக் கொலை மிரட்டல்கள் வந்தன, அதைப் பற்றிப் பின்னாளில் மேடையேறிப் பேசினார். நியாயம் நம் பக்கம் இருக்கிறது என்ற நினைப்பு மனிதர்களை எங்கே கொண்டுபோய் விடும் என்பது தனிக் கட்டுரை. நான் அந்த ஒப்பீட்டையே எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் முதலில் கேட்டபோது எனக்கு அது சரி என்றே பட்டது.

கரண்ட் போனால் மிக்ஸி ஓடாது. அதில் மிக்ஸிக்கு என் மேல் ஒரு அபிப்பிராயமும் இல்லை. மோட்டார் சுற்ற மின்சாரம் வேண்டும், இல்லை, நிற்கிறது. ஆனால் ஒரு ஆள் தனியாக ஆடுகிற கேமுக்கு வேண்டியதெல்லாம் அந்தப் பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. 24 மணி நேரம் முடிந்த அந்த நொடியில் பெட்டிக்குள் எதுவும் குறையவில்லை. ஓட முடியும், ஓடக் கூடாது என்று சொல்லிவைத்திருக்கிறார்கள். 'முடியாது' இயற்கை. 'கூடாது' ஒருவர் எடுத்த முடிவு. இரண்டும் திரையில் ஒரே மாதிரிதான் தெரியும்: சுற்றிக்கொண்டே இருக்கும் ஒரு வட்டம். முடிவை இயற்கை மாதிரி வேஷம் கட்டிக் காட்டுவதில் எங்கள் தொழில் கெட்டிக்காரத்தனமானது.

எங்கள் தொழில் என்றேன். ஐந்து வருடம் கழித்து அதே கோடை நானும் எழுதினேன்.

நான் அப்போது வேலைபார்த்த கம்பெனி, மருந்துக்கடைகளுக்கு பில் போடும் சாஃப்ட்வேர் விற்றது. ஒரே லைசென்ஸை நாலு கடையில் போட்டுக்கொள்கிறார்கள் என்று புகார். ஏழு நாளுக்கு ஒருமுறை சர்வரைக் கேட்கும்படி எழுதச் சொன்னார்கள். எழுதினேன். இப்படி எழுதும்போது ஒரு இடம் வரும்: சர்வர் 'சரி' என்றால் திற, 'இல்லை' என்றால் பூட்டு, பதிலே வராவிட்டால்? நான் 'பூட்டு' என்று எழுதினேன். யாரும் அப்படிச் சொல்லவில்லை. அதைப் பற்றி நான் இரண்டு நிமிஷம்கூட யோசிக்கவில்லை.

2018 நவம்பர் 16-ல் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தது. டெல்டாவில் பல ஊர்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை, டவர் இல்லை. பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து ஒரு கடைக்காரர் போன் செய்தார். சிக்னல் கிடைக்கும் இடம்வரை பைக்கில் வந்து பேசுகிறார். ஜெனரேட்டர் வாடகைக்கு எடுத்துக் கடையைத் திறந்திருக்கிறார். கம்ப்யூட்டர் ஓடுகிறது. சாஃப்ட்வேர் திறக்கவில்லை. எந்த மருந்து எந்த ரேக்கில், யாருக்கு எவ்வளவு கடன், எல்லாம் உள்ளே.

"தம்பி, மருந்து என்னுது, கம்ப்யூட்டர் என்னுது, கணக்கும் என்னுது. பணமும் கட்டிட்டேன். இப்ப நான் யாருகிட்ட உத்தரவு கேக்கணும்?"

கோபமாகக்கூடக் கேட்கவில்லை. நிஜமாகவே விவரம் கேட்டார். "நெட் வந்ததும் சரியாயிடும் சார்" என்றேன். அவர் பேப்பரில் எழுதி வியாபாரம் பண்ணிக்கொள்வதாகச் சொல்லி வைத்துவிட்டார்.

நண்பனுக்கு 2013-ல் சொல்லியிருக்க வேண்டிய பதில் அந்த போனுக்குப் பிறகுதான் கிடைத்தது. கேட்பது தப்பில்லை. பதில் வராதபோது சந்தேகத்தின் பாரத்தை யார் தலையில் வைக்கிறாய் என்பதுதான் விஷயம். இரண்டு பேரில் ஒருவர் நஷ்டப்பட்டே ஆக வேண்டும். கம்பெனி சில லைசென்ஸ்களை இழக்கலாம், அல்லது காசு கொடுத்தவர் தன் பொருளையே இழக்கலாம். எது தாங்கக்கூடிய நஷ்டம்? திருடனை நிறுத்தவாவது இது உதவுகிறதா என்றால், ஹாஸ்டலில் நாங்கள் ஆடியது எல்லாம் கிராக் போட்ட காப்பிதான். எங்களை எந்த சர்வரும் ஒருநாளும் ஒரு கேள்வி கேட்டதில்லை. காசு கொடுத்தவனைத்தான் தினமும் நிறுத்திக் கேட்கிறது.

இன்டர்நெட் இல்லாதவர்களுக்கு எங்களிடம் ஒரு கன்சோல் இருக்கிறது, அதன் பெயர் எக்ஸ்பாக்ஸ் 360 என்று அன்றைக்கு எக்ஸ்பாக்ஸ் தலைவர் டான் மேட்ரிக் சொன்னார். அந்த 360-க்கான ஆன்லைன் கடையை 2024 ஜூலை 29-ல் மூடினார்கள். அதே வருடம் மார்ச் 31-ல் யூபிசாஃப்ட் தன் 'தி க்ரூ' கார் பந்தய கேமின் சர்வர்களை நிறுத்தியது. தனியாகக் கதையை ஆடக்கூட சர்வர் வேண்டும் என்று கட்டியிருந்ததால், காசு கொடுத்து வாங்கிய டிஸ்க் வெறும் தட்டாகிப் போனது. ராஸ் ஸ்காட் என்ற யூடியூபர் அதை எதிர்த்துத் தொடங்கிய இயக்கத்துக்கு ஐரோப்பாவில் பத்து லட்சத்துக்கும் மேல் கையெழுத்து விழுந்தது. 2013-ல் ஜெயித்துவிட்டோம் என்று மொட்டைமாடியில் குதித்தவன் நான். கன்சோல் கேட்பதை நிறுத்தியது, கேம்கள் ஒவ்வொன்றாகக் கேட்க ஆரம்பித்தன. நாங்கள் கவனிக்கவில்லை.

கடைக்காரர் போனுக்குப் பிறகு அந்தக் கோடை மாற்றக் கேட்டேன். மேனேஜர் நல்ல மனிதர், ஆனால் "அப்புறம் எல்லாரும் நெட்டைப் புடுங்கிட்டு ஓட்டுவாங்க" என்றார். பேரம் பேசி 45 நாளில் வந்து நின்றோம். 45-க்கு எந்தக் கணக்கும் கிடையாது, வாய்க்கு வந்த எண். மைக்ரோசாஃப்டின் 24-ம் இப்படி ஏதோ ஒரு மீட்டிங்கில் வந்திருக்கலாம்.

கம்பெனியே ஒருநாள் மூடிவிட்டால், பதில் சொல்ல சர்வரே இல்லாமல் போனால் என்ன செய்வது என்பதற்கும் ஒரு நிபந்தனை எழுதத்தான் நினைத்திருந்தேன். அடுத்த ரிலீஸில் பார்க்கலாம் என்றார்கள். அதற்குள் எனக்கு வேறு வேலை கிடைத்தது. அந்த இடத்தில் நான் விட்டுவந்த கமென்ட் இன்னும் அப்படியே இருக்கும் என்று நினைக்கிறேன்: 'இதை யோசிக்க வேண்டும்'.