ஆறுதல் கூறத் தக்கவர் யார்?

உடல் நோயுற்றவரைக் காண உற்றார் திரண்டு வருவர். உள்ளம் நோயுற்றவர் வீட்டிலோ கதவு அடைபடுகின்றது. அத்தகையோருக்கு ஆறுதல் கூறும் தகுதி யாருக்கு உண்டு? மருத்துவம் கற்றவருக்கே என்பது பொதுவான விடை. அதே துன்பத்தைத் தாங்கி மீண்டவருக்கும் உண்டு என்னும் கருத்து இன்று பல நாடுகளில் வேரூன்றியுள்ளது. இது மருத்துவ வினா மட்டுமன்று. அறத்தைச் சார்ந்த வினாவுமாகும்.

நெதர்லாந்து நாட்டு மனநல மருத்துவர் மாரியஸ் ரோம், பிறர் செவியில் படாத குரல்களைக் கேட்டு வருந்திய பெண்ணொருவருக்குச் சிகிச்சை அளித்து வந்தார். மருந்து அக்குரல்களை அடக்கவில்லை. காணாத கடவுளை நம்பும் நீங்கள், நான் காதாரக் கேட்கும் குரலை நம்ப மறுப்பது ஏன் என்று அப்பெண் வினவினார். மருத்துவர் அவருடன் தொலைக்காட்சியில் தோன்றி, இவ்வனுபவம் உடையோர் தொடர்பு கொள்ள வேண்டினார். அவ்வாறு முன்வந்தோரில் ஏறத்தாழ 450 பேர் குரல் கேட்பவர்கள். அவர்களுள் 150 பேர் அக்குரல்களோடு அமைதியாக வாழக் கற்றிருந்தனர். 1987இல் இத்தகையோரின் மாநாடு உட்ரெக்ட் நகரில் கூடியது. பின்னர் இங்கிலாந்தின் மான்செஸ்டரிலும், வேறு பல நாடுகளிலும் இவ்வகைக் குழுக்கள் தோன்றின. மருத்துவர் தம் நூல்களில் காணாத ஓர் அறிவு அந்த 150 பேரிடம் இருந்தது.

ஊர்விட்டு ஊர் வந்த நமக்கு இவ்வுண்மை புதிதன்று. மாற்றலாகி வரும் குடும்பத்திற்கு முதல் குளிர்காலத்தைக் கடக்கும் வழியையும், மொழி புரியாத கடைவீதியில் பேசும் முறையையும் கற்றுத் தருபவர் பேராசிரியர் அல்லர். பத்தாண்டுகளுக்கு முன் வந்து அதே திகைப்பில் தவித்தவரே.

ஆயினும் ஓர் ஐயம் எழுகின்றது. துன்புற்றமை ஒன்றே தகுதியாகிவிடுமா? ஒருவர் துன்பம் போன்றதன்று மற்றவர் துன்பம். 'நான் மீண்ட வழியிலேயே நீயும் மீள்க' என வற்புறுத்துபவர், துணைவராக வந்து அதிகாரியாக மாறிவிடுகின்றார். எனவே பட்டறிவுக்கும் ஒரு கட்டுப்பாடு தேவை.

அக்கட்டுப்பாட்டை ஜிம்பாப்வே நாட்டில் காண்கிறோம். மனநல மருத்துவர்கள் மிகக் குறைவாக உள்ள அந்நாட்டின் தலைநகர் ஹராரேயில், 2006இல் டிக்சன் சிபாண்டா என்னும் மருத்துவர் 14 பாட்டிமார்களைக் கொண்டு 'நட்பு இருக்கை' என்னும் பணியைத் தொடங்கினார். சுகாதார நிலையத்து முற்றத்தில் ஒரு மரப்பலகை. அதில் அப்பகுதிப் பாட்டி ஒருவர். அவர் முதலில் கேட்கின்றார். பின்னர், வந்தவரே தம் சிக்கல்களுள் ஒன்றைத் தெரிந்தெடுத்துத் தீர்வு காணத் துணை நிற்கின்றார். நோய் கடுமையாயின் மருத்துவரிடம் அனுப்புகின்றார். 573 பேரைக் கொண்டு நடந்த ஆய்வின் முடிவு 2016இல் வெளிவந்தது. ஆறு மாதங்களுக்குப் பின், வழக்கமான சிகிச்சை பெற்றோரில் நூற்றுக்கு 50 பேரிடம் மனச்சோர்வின் அறிகுறிகள் எஞ்சியிருந்தன. பலகையில் அமர்ந்து பேசியோரிடமோ நூற்றுக்கு 14 பேரிடமே.

அப்பலகை பின்னர் நியூயார்க் நகருக்கும் சென்றது. அங்கே அதில் அமர்ந்தவர்கள் பாட்டிமார் மட்டும் அல்லர். மனநோயிலிருந்தும் போதைப் பழக்கத்திலிருந்தும் மீண்டவர்களும் அமர்ந்தனர். செல்வ நாடு கொடுக்கும், ஏழை நாடு கொள்ளும் என்னும் வழக்கு இங்கே தலைகீழாயிற்று. கடல் கடந்தது பலகையன்று. கேட்பவரும் சொல்பவரும் சமமாக அமரும் பண்பே. பலகையின் வடிவையும் அதில் அமர்பவரையும் ஒவ்வோர் ஊரும் தனக்கேற்ப அமைத்துக்கொள்ளலாம். அச்சமநிலையை இழந்தால் எஞ்சுவது வெறும் மரமே.

இனி நம் இல்லங்களை நோக்குவோம். மகளின் திருமணப் பேச்சு தடைப்படுமே என்று மகனின் நோயை மறைக்கின்றோம். மீண்டவரையும் வாய் திறவாதிருக்கச் செய்கின்றோம். அவ்வச்சம் பொய்யன்று. ஆனால் அம்மௌனத்தின் விலையை அடுத்த தெருவில் இதே துன்பத்தோடு தனித்திருக்கும் இன்னொரு குடும்பம் செலுத்துகின்றது. துணிந்து பேசுக என்று மீண்டவருக்கு அறம் உரைப்பது எளிது. பேசியவரின் வீட்டில் பெண் எடுக்கவும் பெண் கொடுக்கவும் நாம் அணியமாக இருக்கின்றோமா என்பதே நம்மை நோக்கி நிற்கும் வினா. அதற்கு விடை கூறாதவரை, ஆறுதல் கூறத் தக்கவர் நம்மிடையே இருந்தும் இல்லாதவரே ஆவர்.