வினையூக்கி எவ்வகைக் காரணம்?

பீனால், ஐசோபியூட்டீன் என்று இரண்டு பொருள்கள். வலிய அமிலம் ஒன்றைச் சேர்த்து இவற்றைச் சூடாக்கினால், பென்சீன் வளையத்தில் ஹைட்ராக்சில் தொகுதிக்கு நேர் எதிரே இருக்கும் பாரா இடத்தில் மூன்றாம்நிலை பியூட்டைல் தொகுதி ஏறிக்கொள்கிறது. அப்படிக் கிடைக்கும் பியூட்டைல் பீனால் பசைகளுக்கும் ரெசின்களுக்கும் போகிறது. அமிலத்துக்குப் பதிலாக அலுமினியம் பீனாக்சைடைச் சிறிதளவு போட்டால் கதை மாறிவிடும். அதே இரண்டு பொருள்களிலிருந்து, ஹைட்ராக்சிலின் இரு பக்கத்தையும் பியூட்டைல் தொகுதிகள் அடைத்து நிற்கும் வேறொரு பீனால் வருகிறது. எரிபொருளும் பிளாஸ்டிக்கும் காற்றுப் பட்டுக் கெடாமல் காப்பது இந்த இரண்டாவது பொருள். விளைபொருளின் வாய்பாட்டில் அமிலத்துக்கும் இடமில்லை, அலுமினியத்துக்கும் இடமில்லை. பிறகு இந்த வேறுபாட்டுக்கு எது காரணம்? வினையூக்கி காரணமா, காரணத்துக்குத் துணையா, காரணக் கணக்கிலேயே சேராத ஒன்றா?

காரணத்தைப் பகுத்துப் பார்ப்பது இந்தியத் தத்துவ மரபுகள் எல்லாம் செய்த வேலை. பெரும்பாலும் குடத்தை வைத்தே விளக்குவார்கள். சைவ சித்தாந்தத்தில் மண் முதற்காரணம், தண்டும் சக்கரமும் துணைக்காரணம், குயவன் நிமித்த காரணம். உலகத் தோற்றத்துக்கு இதை ஏற்றும்போது மாயை முதற்காரணம், சத்தி துணைக்காரணம், சிவன் நிமித்த காரணன். நியாய மரபின் பகுப்பு சற்று வேறு. அங்கே ஆடைக்கு நூல் சமவாயி காரணம், நூல்களின் சேர்க்கை அசமவாயி காரணம், தறி முதலானவை நிமித்தம். பீனாலும் ஐசோபியூட்டீனும் இந்தப் பகுப்பில் எங்கே போகும் என்பதில் ஐயமே இல்லை. அவை மண், அவை நூல். வினையூக்கியை எங்கே வைப்பது என்பதில்தான் சிக்கல்.

ஆன்மிகச் சொற்பொழிவுகளில் இதற்கு ஒரு விடை தயாராக இருக்கும். வினையூக்கி தான் மாறாமல் பிறவற்றை மாற்றுகிறது; இறைவனும் அப்படியே, தான் விகாரப்படாமல் உலகை நடத்துகிறான் என்பார்கள். இதற்குப் பின்னால் பழைய உவமைகள் நிற்கின்றன. கதிரவன் முன்னிலையில் தாமரை மலர்வதைச் சித்தாந்த நூல்கள் சொல்லும். காந்தத்தின் முன்னிலையில் இரும்பு அசைவதைச் சாங்கியர் சொல்வர். சந்நிதி மாத்திரத்தால், அருகில் இருப்பது ஒன்றாலேயே, செயல் நடக்கிறது என்பது இவற்றின் கருத்து. வினையூக்கம் என்ற கருத்தை 1835இல் வகுத்த ஸ்வீடன் வேதியியலாளர் பெர்சீலியஸும் ஏறக்குறைய இப்படித்தான் நினைத்தார். சில பொருள்கள் தம் இருப்பினாலேயே பிற பொருள்களில் உறங்கும் நாட்டங்களை எழுப்புகின்றன என்பது அவர் கொள்கை. ஜெர்மனியின் லீபிக் இதை ஏற்கவில்லை. விளங்காத ஒன்றுக்குப் புதிய விசை ஒன்றைக் கற்பித்துவிட்டால் விளக்கம் ஆகிவிடாது என்றார். லீபிக் தம் பங்குக்குச் சொன்ன மாற்று விளக்கம் நிலைக்கவில்லை என்றாலும், அவர் எழுப்பிய ஆட்சேபம் நியாயமானது.

இருப்பு மட்டுமே போதும் என்ற எண்ணத்தை அடுத்து வந்த வேதியியல் கைவிட்டது. வினையூக்கி தற்காலிகச் சேர்மமாக மாறி, பிறகு மீள்கிறது என்ற கருத்தை ஆதரித்து வாதாடியவர்களில் முதன்மையானவர் பிரான்ஸின் பால் சபாத்தியே. 1912இல் நோபல் பரிசு பெற்றவர். உலகின் பெரும்பகுதி பீனாலைத் தரும் கியூமீன் முறையில் இதைக் கிட்டத்தில் பார்க்கலாம். ஹாக், லாங் என்ற இருவர் 1944இல் வெளியிட்ட வினை அது. பென்சீனும் புரோப்பிலீனும் சேர்ந்து கியூமீன் ஆகிறது. கியூமீன் காற்றிலுள்ள ஆக்சிஜனை ஏற்று ஹைட்ரோபெராக்சைடு ஆகிறது. அதைச் சிறிதளவு கந்தக அமிலம் பீனாலாகவும் அசிட்டோனாகவும் பிளக்கிறது. கடைசிப் படியில் அமிலத்தின் புரோட்டான் ஒதுங்கி நின்று பார்த்துக்கொண்டிருப்பதில்லை. பெராக்சைடின் முனையிலுள்ள ஆக்சிஜனோடு பிணைகிறது, அங்கிருந்து நீரை வெளியேற்றுகிறது, பென்சீன் வளையம் கார்பனை விட்டு ஆக்சிஜனுக்குத் தாவ வழிசெய்கிறது. மூலக்கூறு இரண்டாக உடைந்து முடியும்போதுதான் ஒரு புரோட்டான் திரும்ப வெளியே வருகிறது. அது முதலில் புகுந்த அதே புரோட்டானாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம்கூட இல்லை.

சியோலைட் என்ற நுண்துளைப் படிகத்தில் இரும்பைத் தாங்கவைத்தால் இது இன்னும் தெளிவு. நைட்ரஸ் ஆக்சைடு அதன்மேல் பட்டதும் இரும்பு அணு ஓர் ஆக்சிஜனைப் பிடித்துக்கொண்டு நைட்ரஜனை விட்டுவிடுகிறது. பிடித்த ஆக்சிஜனைப் பிறகு பென்சீனுக்குக் கொடுக்க, பீனால் உண்டாகிறது. ரஷ்யாவின் நோவோசிபிர்ஸ்க்கில் உள்ள போரெஸ்கோவ் வினையூக்க நிறுவனத்தில் விரிவாக ஆராயப்பட்ட வினை இது. உலோக ஆக்சைடு வினையூக்கிகள் பலவற்றில், விளைபொருளில் சேரும் ஆக்சிஜன் வினையூக்கியின் சொந்தப் படிகத்திலிருந்தே போகிறது. காலியான இடத்தைக் காற்றின் ஆக்சிஜன் வந்து நிரப்புகிறது. கடைசியில் எடை போட்டால் வினையூக்கி குறையாமல் இருக்கும். ஆனால் அதில் இப்போது இருக்கும் அணுக்கள் பழைய அணுக்கள் அல்ல.

ஆகவே மாறாத பொருளுக்கு வினையூக்கி உவமையாகாது. அது மாறுகிறது, பிறகு மீள்கிறது. மீள்வதும் முழுமையாக அல்ல: நைட்ரிக் அமில ஆலைகளில் பிளாட்டினக் கம்பி வலை நாளடைவில் சொரசொரப்பாகித் தேய்கிறது, சியோலைட்டின் துளைகளில் கரி படிகிறது, கந்தகம் பட்டால் பல உலோகங்கள் செயலற்றுப் போகின்றன. சித்தாந்த நூலாசிரியர்கள் இவ்வளவு அவசரப்படவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அவர்கள் செயலைச் சத்தியிடம் வைத்து, சிவனை அதன் விகாரம் தொடாதவனாக நிறுத்த மிகுந்த பாடுபட்டார்கள். அந்த நுணுக்கத்தைப் பள்ளிப் பாடநூலின் ஒரு வரி விளக்கத்தை வைத்து நிரப்புவது இரண்டு துறைக்கும் நல்லதல்ல.

வினையூக்கி காரணமே இல்லை என்று வாதிடவும் இடமுண்டு. நியாய மரபில் அந்நியதாசித்தம் என்றொரு வகை இருக்கிறது. குடத்துக்கு முன்பே இருந்தாலும் குடத்துக்குக் காரணமாக எண்ணப்படாதவை அதில் அடங்கும்: மண் சுமந்து வந்த கழுதை, குயவனின் தகப்பன், தண்டின் நிறம். வில்ஹெல்ம் ஆஸ்ட்வால்டு வினையூக்கிக்குத் தந்த வரையறை இந்த ஐயத்துக்கு வலுச் சேர்க்கிறது. எப்படியும் நடக்கக்கூடிய வினையின் வேகத்தை மட்டும் மாற்றுவது வினையூக்கி; வினையின் ஆற்றல் கணக்கையோ சமநிலையையோ அதனால் தொட முடியாது. அவருக்கு 1909இல் நோபல் பரிசு கிடைத்தது, வினையூக்கத்தோடு சமநிலை, வினைவேகம் பற்றிய ஆய்வுகளுக்கும் சேர்த்து. முடிவு முன்பே தீர்மானமாகிவிட்டது என்றால், முடிவுக்கு விரைந்து கொண்டுசேர்த்ததைக் காரணம் என்பானேன்?

தொடக்கத்தில் கண்ட பியூட்டைல் பீனால்களே இதற்கு விடை. ஹைட்ராக்சிலின் இரு பக்கமும் அடைபட்ட பீனால் நிலைத்தன்மை குறைந்தது. அதை எடுத்து வலிய அமிலத்தோடு சூடாக்கினால் பியூட்டைல் தொகுதிகள் கழன்று பாரா இடம் நோக்கிப் பெயர்கின்றன. போதிய காலம் விட்டு, எல்லாப் பாதைகளும் திறந்திருந்தால், எந்த வினையூக்கியில் தொடங்கினாலும் ஒரே சமநிலைதான். அலுமினியம் செய்வது வேறு வேலை. பீனாலின் ஆக்சிஜன் அதனோடு பிணைந்திருப்பதால் பியூட்டைல் தொகுதி ஆக்சிஜனுக்குப் பக்கத்து இடத்தில் கொண்டு சேர்க்கப்படுகிறது. அங்கிருந்து மேலும் பெயரும் பாதை மந்தமாகவே கிடக்கிறது. நடுவழியில் நிறுத்தி எடுத்த அந்தப் பொருள்தான் தொழிற்சாலைக்கு வேண்டியது. சமநிலையை மட்டும் பார்ப்பவருக்கு வினையூக்கி கழுதையாகத் தெரியலாம். ஆனால் உலகில் இருக்கும் பொருள்களில் பெரும்பாலானவை சமநிலைக்குப் போய்ச் சேராதவை. மனித உடலும் அப்படித்தான். அந்த இடைவெளியில் எது உண்டாகும் என்பதை வினையூக்கி முடிவு செய்கிறது. அந்நியதாசித்தத்தில் அதைத் தள்ள முடியாது.

இங்கே சற்காரியவாதம் குறுக்கே வருகிறது. காரியம் காரணத்தில் முன்பே சூக்குமமாக உள்ளது என்பதைச் சாங்கியமும் சைவ சித்தாந்தமும் ஏற்கின்றன, நியாயம் மறுக்கிறது. ஈசுவரகிருஷ்ணரின் சாங்கிய காரிகை ஒன்பதாம் செய்யுளில் இதற்கு ஐந்து காரணங்கள் காட்டும். எள்ளில் இருப்பதால்தான் எண்ணெய் வருகிறது, மணலை எவ்வளவு ஆட்டினாலும் வராது என்பது உரைகாரர்களின் எடுத்துக்காட்டு. பீனால் வளையத்தைப் பற்றிய வேதியியல் பாடமும் நெடுங்காலம் இப்படித்தான் இருந்தது. ஹைட்ராக்சில் தொகுதி இருந்தால் புதிதாக வருவது அதற்குப் பக்கத்து இடமான ஆர்த்தோவிலோ எதிரிடமான பாராவிலோதான் சேரும், இவற்றுக்கு இடைப்பட்ட மெட்டாவில் சேராது. அது வளையத்தின் இயல்பு என்று சொல்லிக்கொடுத்தார்கள். மெட்டா இடத்தில் தொகுதி கொண்ட பீனால்களைச் செய்யப் பல படிகள் சுற்றிப் போக வேண்டியிருந்தது. 2003இல் அமெரிக்காவின் மிச்சிகன் அரசுப் பல்கலைக்கழக வேதியியலாளர்கள் இரிடியம் வினையூக்கியால் வளையத்தில் போரானை ஏற்றி, அதே கலத்தில் போரானை ஹைட்ராக்சிலாக மாற்றும் வழியை வெளியிட்டார்கள். வளையத்தின் எலக்ட்ரான் நாட்டத்தை இரிடியம் பெரிதாக மதிப்பதில்லை. எங்கே நெருக்கடி குறைவோ அங்கே போகிறது. இரண்டு தொகுதிகள் ஒன்றுக்கொன்று மெட்டாவாக நிற்கும் வளையத்தில், இரண்டுக்கும் மெட்டாவான இடமே நெருக்கடி இல்லாதது. இயல்பு என்று படித்தது, வளையமும் ஒருவகை வினைபொருளும் சேர்ந்த சோடியின் இயல்பாக இருந்திருக்கிறது.

இதனால் சற்காரியவாதம் உடைந்துவிடவில்லை. பென்சீன் வளையத்திலிருந்து எந்த வினையூக்கியாலும் தங்கத்தைப் பெற முடியாது. மூலப்பொருளுக்கும் தன் சொல் உண்டு என்பதற்கு எதிர்ப்பக்கச் சான்றே இருக்கிறது. ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தில் ஆலன் ஹே 1956இல் செம்பு–அமீன் வினையூக்கியால் பீனால்களை ஆக்சிஜனோடு இணைத்துப் பார்த்தார். ஹைட்ராக்சிலின் இருபுறமும் சிறிய மெத்தில் தொகுதிகள் இருந்தால் கார்பன்–ஆக்சிஜன் பிணைப்புகளால் நீண்ட பல்லுறுப்பி கிடைத்தது, அது பிறகு பெரிய வணிகப் பொருளானது. பருத்த பியூட்டைல் தொகுதிகள் இருந்தாலோ இரண்டு வளையங்கள் கார்பனோடு கார்பனாக ஒட்டி நின்றுவிட்டன. வினையூக்கி ஒன்று, விளைவு இரண்டு. முதற்காரணத்தில் காரியம் உண்டு என்பதை ஒப்புக்கொள்ளலாம். ஆனால் ஒரு காரியம் அல்ல, பல காரியங்கள். அவற்றுள் எது வெளிப்படும் என்பதைத் துணைக்காரணத்தைச் சேர்க்காமல் சொல்ல முடியாது. எண்ணெய்க்கும் எள்ளுக்கும் உள்ள ஒன்றுக்கொன்றான உறவு வளையத்துக்குப் பொருந்தவில்லை.

வேறுவேறு காரணங்களிலிருந்து ஒரே காரியம் வருவதும் தருக்க நூலாருக்குத் தலைவலி கொடுத்த விஷயம். புல்லிலிருந்தும் தீ வரும், அரணிக்கட்டையைக் கடைந்தாலும் வரும், சூரியகாந்தக் கல்லாலும் வரும். மூன்றும் ஒரே தீயானால் காரணத்துக்கும் காரியத்துக்கும் இடையே நிலையான தொடர்பு எங்கே? அந்தத் தீக்கள் வகையால் வேறுபட்டவை என்பது ஒரு விடை. ஓமத்தின் மணத்துக்கு ஆதாரமான தைமால் இதற்கு நல்ல சோதனை. அதுவும் ஒரு பீனால்தான். செடியில் இரும்பு தாங்கிய நொதிகள் அதை டெர்பீனிலிருந்து செய்கின்றன. ஆலையில் மெட்டா-கிரெசாலையும் புரோப்பிலீனையும் அலுமினியம் சார்ந்த வினையூக்கிகள் இணைக்கின்றன. மணம், உருகுநிலை, வினைகள் எதிலும் வேறுபாடு இல்லை. ஆனாலும் ஆய்வகத்தில் பிரித்துச் சொல்லிவிடலாம். செடியின் தைமாலில் கார்பன்–14 இருக்கும். ஆலைத் தைமாலுக்கு மூலமான பெட்ரோலியத்தில் அது அழிந்துபோய் நெடுங்காலமாகிறது, அதன் அரை ஆயுள் 5,730 ஆண்டுதான். தீ வகையால் வேறு என்றவர்கள் சிரிப்பார்கள். ஆனால் இது முதற்காரணம் விட்ட அடையாளம், வினையூக்கி விட்டதல்ல. வினையூக்கி எதையாவது விட்டுச்சென்றால் அது கலப்படமாகவே எண்ணப்படும். பலேடியம் கொண்டு செய்த மருந்தை உட்கொள்பவர் உடலில் ஒரு நாளைக்கு 100 மைக்ரோகிராமுக்கு மேல் அந்த உலோகம் போகக் கூடாது என்று பன்னாட்டு மருந்து நெறிமுறை வரம்பு வைத்திருக்கிறது.

எஞ்சியிருப்பது நிமித்த காரணம். சடப்பொருள் தானே கூடிக் காரியப்படாது, அறிவுடைய ஒருவன் வேண்டும் என்பது சித்தாந்தத்தின் வலிமையான வாதம். ஆலையில் அந்த இடம் வேதியியலாளருக்கு உரியது: எந்தப் பீனால் வேண்டும் என்று அறிந்து வினையூக்கியைத் தேர்ந்தெடுப்பவர் அவர். வினையூக்கிக்கு அறிவில்லை, அதன் இடம் சக்கரத்தின் இடம், துணைக்காரணம். ஆனால் உடலுக்குள் போனால் விடை இவ்வளவு எளிதாக வராது. கல்லீரலில் பினைலலனின் ஹைட்ராக்சிலேஸ் என்ற நொதி, பினைலலனின் வளையத்தின் பாரா இடத்தில் மட்டும் ஹைட்ராக்சிலை வைத்து டைரோசினாக்குகிறது. பாரா இடத்தில் முன்பிருந்த ஹைட்ரஜன் பெரும்பாலும் உதிராமல் பக்கத்துக் கார்பனுக்கு நகர்ந்துகொள்கிறது. மனிதர் கட்டிய எந்த ஆலையையும் மிஞ்சும் துல்லியம், தேர்ந்தெடுத்த ஆள் மட்டும் கண்ணுக்குப் படவில்லை. உயிரியலார் பரிணாமத்தைச் சொல்வார்கள். சித்தாந்தி, பரிணாமத்தின் விதிகளையும் சேர்த்தே சடம் என்று எண்ணி, அதற்கும் ஒரு நிமித்தனைக் கேட்பார். வேதியியல் தன் சான்றுகளைக் கொண்டு இந்த வழக்கைத் தீர்க்க முடியாது. தீர்த்துவிட்டதாகச் சொல்லும் இரு தரப்பாரும் அதன் பெயரைத் தவறாகப் பயன்படுத்துகிறார்கள்.

துணைக்காரணம் இல்லையென்றால் என்ன ஆகும் என்பதை மட்டும் உடல் ஐயமின்றிக் காட்டுகிறது. அந்த நொதி குறைந்து பிறக்கும் குழந்தைகளின் நோயை நார்வே மருத்துவர் ஃபோலிங் 1934இல் விவரித்தார். இரத்தத்தில் பினைலலனின் தேவைக்கு மேல் குவிந்து மூளையைக் கெடுக்கிறது. டைரோசினோ போதிய அளவு உண்டாவதில்லை. பிறந்த சில நாளில் குதிகாலில் எடுக்கும் ஒரு துளி இரத்தத்தில் இதைக் கண்டுபிடித்துவிடலாம். உடனே பினைலலனின் குறைந்த உணவைத் தொடங்கி, டைரோசினை வெளியிலிருந்து கொடுத்தால் குழந்தை இயல்பாக வளரும்.