தேய்ந்த முதுகும் தேயாத கடனும்

மேட்டுப்பாளையத்திலிருந்து உதகைக்கு 46 கிலோமீட்டர், 16 சுரங்கப்பாதைகள், 250 பாலங்கள். 1899-இல் குன்னூரையும் 1908-இல் உதகையையும் எட்டிய மலை இரயிலின் கணக்கை மாணவர்க்குக் கற்பிக்கிறோம். அப்பாறையைக் குடைந்தவன் எந்த வயதில் முடங்கி வீழ்ந்தான்? பாடநூல் வாய் திறப்பதில்லை! 1932-இல் பைக்காரா மின்சாரம் தந்தது. கொழும்புத் திட்டத்தின்கீழ்க் கனடாவின் துணையோடு குந்தா எழுந்தது. ஒளி நமக்கு; வலி எவர்க்கு?

"அவன் தலைவிதி" என்பர் சிலர். விதியா? பாறையைத் துளைக்கையில் எழும் நுண்தூசி நுரையீரலில் தங்கித் தழும்பாகிறது. வேலையை விட்டுப் பல்லாண்டு கழிந்த பின்னும் மூச்சைத் திணறடிக்கிறது. சிலிக்கோசிஸ் எனும் அந்நோயைத் தீர்க்க மருந்தில்லை. ஆனால் நீர் தெளித்துத் தூசியை அடக்கலாம்; தக்க கவசம் தந்து காக்கலாம். தடுக்கக் கூடியதைத் தடுக்காது விட்டு, விதியென்று பெயர் சூட்டுவது அறிவுடைமையாகுமா?

செருமனியின் வூர்ட்டம்பெர்க் பகுதியில் 14,474 கட்டுமானத் தொழிலாளரைப் பத்தாண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்து, 2005-இல் முடிவை வெளியிட்டனர். உடல் முடங்கி, காலத்துக்கு முன்பே ஓய்வூதியம் பெற நேர்ந்தோரிடம் கண்ட முதற்காரணம் எலும்பு, மூட்டு, தசை நோய்களே! கடல் கடந்து சென்று அங்கேயும் பிரம்மன் இதே எழுத்தைத்தான் எழுதினானா? இல்லை, தோழர்களே! சுமைக்கு நாடில்லை, சமயமில்லை. அது எந்த முதுகையும் தேய்க்கும்.

சட்டம் கண் திறக்காமலில்லை. 1994-இல் தமிழகத்தில் கட்டுமானத் தொழிலாளர்க்கு நலவாரியத் திட்டம் வந்தது. 1996-இல் இயற்றப்பட்ட நடுவண் சட்டம், விபத்துக்கு உதவியும் அறுபது வயது நிறைந்தோர்க்கு ஓய்வூதியமும் வழங்க வழி வகுத்தது. வரவேற்கிறோம். எனினும், சாரத்திலிருந்து வீழ்ந்து ஒரே நாளில் கால் ஒடிந்தால் அதற்குச் சாட்சியுண்டு; இருபது ஆண்டுகள் கல் சுமந்து தேய்ந்த முதுகுக்குச் சாட்சி யார்? இன்று ஒரு மேஸ்திரி, நாளை ஒரு மேஸ்திரி என அலைந்தவன் எவரைச் சுட்டுவான்? நாற்பத்தைந்தில் கரண்டி பிடிக்க இயலாதவன், அறுபது வரை எதை உண்பான்?

கலவை எந்திரம் ஆண்டுதோறும் தேய்கிறது என்று முதலாளி கணக்கேட்டில் தேய்மானம் எழுதுகிறார். அதனருகே நின்று தேய்ந்த மனிதனுக்கு எந்த ஏட்டில் இடமிருக்கிறது? இரும்பின் தேய்மானம் செலவு. எலும்பின் தேய்மானம் விதி! இதுதான் நீதியா?

ஆகவே அவனுக்குத் தருவது கொடையன்று, கடனைத் திருப்புதல். கொடை, கொடுப்போன் மனம் போல் குறையும். கடனோ கொடுத்தே தீர வேண்டியது. அக்கடனை நாட்காட்டி கொண்டு அளவாதீர்; உடல் கொண்டு அளவுங்கள். ஆண்டுதோறும் மருத்துவச் சோதனை, பணியிடந்தோறும் பதிவேடு, தேய்வுக்கேற்ற முன்ஓய்வூதியம் — இவற்றைக் கேட்பது இரத்தலன்று, உரிமை.

இளைஞர்களே! சுவர் எழுப்பியவன் சுவரோரம் சாய்ந்து கிடக்கையில், அச்சுவருக்குள் நாம் நிம்மதியாய் உறங்குவது எங்ஙனம்?